'எம்' எழுத்துக்கே தடா! ஓஹியோவும் மிச்சிகனும் இப்படிக் கலாய்த்துக்கொள்வது ஏன்?

நவம்பர் மாதத்தின் கடைசி வாரம். அமெரிக்காவில், ஓஹியோ மாநிலத்தின் தலைநகரமான கொலம்பஸ். அங்கிருக்கும் ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்துக்குள் அந்த வாரம் நுழைந்தால் ஒரு விநோதக் காட்சியைப் பார்க்கலாம். பெயர்ப் பலகைகளில் 'எம்' என்ற ஆங்கில எழுத்து எங்கெல்லாம் இருக்கிறதோ, அங்கெல்லாம் சிவப்பு டேப்பில் ஒரு பெருக்கல் குறி! மெடிக்கல், மியூசிக், மியூசியம்னு எந்த வார்த்தையா இருந்தாலும் தப்பாது.

'எம் என்ன பாஸ் தப்பு பண்ணுச்சு?'னு கேட்டால் ஒரே பதில்தான். அது மிச்சிகனின் முதல் எழுத்து!

பக்கத்து மாநிலமான மிச்சிகனின் பல்கலைக்கழக அணியோடு அந்த வார இறுதியில் மேட்ச். அந்தப் பெயரை எழுதக்கூட மாட்டோம் என்பதுதான் ஓஹியோ ரசிகர்களின் கெத்து. பேச்சில்கூட 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்றுதான் சொல்வார்கள். 1951 முதல் 1978 வரை ஓஹியோ ஸ்டேட் பயிற்சியாளராக இருந்த வூடி ஹேய்ஸ் பிரபலமாக்கிய வழக்கம் இது.

கேட்கச் சிரிப்பாக இருக்கும். ஆனால், இந்தக் கலாய்ப்புக்குப் பின்னால் ஒரு எல்லைத் தகராறு, கொஞ்சம் மூளை அறிவியல், கூடவே கொஞ்சம் பாசமும் இருக்கு.

கல்லூரி மேட்ச்சுக்கு 1 லட்சம் பேர்!

முதல்ல ஒரு விஷயம். இங்கே ஃபுட்பால் என்பது மெஸ்ஸி, ரொனால்டோ ஆடுகிற கால்பந்து கிடையாது. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு, ஹெல்மெட் போட்டு முட்டி மோதும் அமெரிக்கன் ஃபுட்பால்.

'காலேஜ் மேட்ச்தானே'னு லேசா நினைச்சுடாதீங்க. மிச்சிகன் ஸ்டேடியத்தில் 1,07,000 பேருக்கு மேல் உட்காரலாம். ஓஹியோ ஸ்டேடியத்தின் கொள்ளளவும் 1 லட்சத்தைத் தாண்டும். இந்த இரு அணிகளும் முதன்முதலில் மோதியது 1897-ல். அமெரிக்காவின் புரொஃபஷனல் லீக்கான என்.எஃப்.எல் தொடங்கியதே 1920-ல்தான். தாத்தா, அப்பா, மகள் எனத் தலைமுறை தலைமுறையாக ஒரே பல்கலைக்கழகத்தில் படித்து, ஒரே அணிக்குக் கத்துகிற குடும்பங்கள் அங்கே சாதாரணம். அதனால் இது வெறும் விளையாட்டு இல்லை, 'நான் யாரு' என்பதற்கான முகவரி.

எல்லைச் சண்டையில் ஆரம்பம்

ரசிகர்கள் ஆசையாகச் சொல்லும் பின்கதை 1835-ல் தொடங்குகிறது. டொலீடோ நகரைச் சுற்றியிருக்கும் சுமார் 1,200 சதுர கிலோமீட்டர் நிலம் யாருக்கு என்று ஓஹியோவுக்கும் மிச்சிகனுக்கும் தகராறு. இரண்டு பக்கமும் ஆயுதப் படையைத் திரட்டினார்கள். 'டொலீடோ போர்' என்று பெரிய பெயர் இருந்தாலும், நடந்ததில் குறிப்பிடத்தக்க ரத்தக் காயம் ஒன்றே ஒன்றுதான். மிச்சிகன் தரப்பு துணை ஷெரிஃப் ஒருவர் பேனாக்கத்தியால் குத்துப்பட்டார். அவரும் பிழைத்துக்கொண்டார்!

கடைசியில் டொலீடோ ஓஹியோவுக்குப் போனது. ஈடாக, மிச்சிகனுக்கு வடக்கே இருக்கும் பெரிய தீபகற்பப் பகுதி கிடைத்தது. 1837-ல் தனி மாநிலமாகவும் ஆனது. 'ஒண்ணுக்கும் உதவாத காடு'னு அன்றைக்கு நினைத்த அந்தப் பகுதியில் பிறகு செம்பும் இரும்பும் கொட்டிக் கிடந்தது தனிக்கதை.

ஃபுட்பால் போட்டிக்கு இந்தப் போர்தான் நேரடிக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால், கலாய்ப்பவர்களுக்கு ஒரு 'ஃபிளாஷ்பேக்' வேணுமே!

பங்காளிகள்தான், பகையாளிகள் இல்லை

இங்கேதான் ட்விஸ்ட். ஓஹியோ ரசிகர்களை அதிகம் வெறுப்பேற்றிய மிச்சிகன்காரர்கள் பலர், பிறந்து வளர்ந்ததே ஓஹியோவில்தான்.

1969 முதல் 1989 வரை மிச்சிகனின் பயிற்சியாளராக இருந்த போ ஷெம்பெக்லர், ஓஹியோவின் பார்பர்டன் நகரில் பிறந்தவர். வூடி ஹேய்ஸிடமே ஆட்டக்காரராகவும் உதவிப் பயிற்சியாளராகவும் இருந்த சிஷ்யப் பிள்ளை. மிச்சிகனுக்கு வந்த முதல் வருடமே குருவின் அணியை 24-12 எனச் சாய்த்தார். அடுத்து வந்த காலத்தையும் சேர்த்து, 1969 முதல் 1978 வரையிலான மோதல்களை 'பத்தாண்டுப் போர்' என்றே அழைக்கிறார்கள்.

1991-ல் ஓஹியோ ஸ்டேட்டுக்கு எதிராக 93 யார்டு ஓடி ஸ்கோர் செய்துவிட்டு, ஹெய்ஸ்மன் கோப்பையில் இருக்கும் சிலையைப் போலவே ஒரு போஸ் கொடுத்தாரே டெஸ்மண்ட் ஹோவர்ட், அவர் ஓஹியோவின் கிளீவ்லேண்டைச் சேர்ந்தவர். அந்த வருடம் கோப்பையும் அவருக்கே கிடைத்தது. 2011-ல் மிச்சிகன் பயிற்சியாளராக வந்த பிரேடி ஹோக், எதிரணியை வெறும் 'ஓஹியோ' என்றே சொல்வார். தன் பெயருக்கு முன்னால் வரும் 'தி' என்ற வார்த்தைக்கே 2022-ல் டிரேட்மார்க் வாங்கிய பல்கலைக்கழகம் அது. அதன் பேரைப் பாதியாக வெட்டினால் எப்படிக் கடுப்பாகும்! அந்த ஹோக் பிறந்ததும் ஓஹியோவில்தான்.

ஆக, இது பங்காளிச் சண்டை. ஒரே மாதிரி வானிலை, ஒரே மாதிரி தொழிற்சாலை ஊர்கள், மூணு மணி நேர கார் பயணம். முன்பின் தெரியாதவரை நாம் இவ்வளவு அக்கறையாகக் கலாய்ப்பதில்லை. நம்மைப்போலவே இருப்பவரிடம்தான் 'நான் வேற, நீ வேற'னு நிரூபிக்க வேண்டிய அவசியம் வருகிறது.

மூளைக்குள்ள என்ன நடக்குது?

உளவியலாளர் ராபர்ட் சியால்டினி குழு 1976-ல் ஓர் ஆய்வை வெளியிட்டது. ஏழு பல்கலைக்கழகங்களில் மாணவர்களின் உடைகளைத் திங்கட்கிழமைதோறும் கவனித்தார்கள். அந்த ஏழில் ஓஹியோ ஸ்டேட்டும் மிச்சிகனும் உண்டு. சனிக்கிழமை அணி ஜெயித்திருந்தால், கல்லூரிப் பெயர் போட்ட டி-ஷர்ட்டுகள் அதிகம் தென்பட்டன. இன்னொரு பகுதியில் மாணவர்களிடம் மேட்ச் பற்றிப் பேச வைத்தார்கள். ஜெயித்த ஆட்டத்தைப் பற்றி 'நாம' என்ற சொல் அதிகம் வந்தது. தோற்ற ஆட்டத்தில் அது குறைந்தது. அடுத்தவர் வெற்றியில் நாமும் கொஞ்சம் குளிர்காய்கிறோம், அவ்வளவுதான்.

இதன் மறுபக்கம் கொஞ்சம் பயமுறுத்தும். நியூயார்க் யாங்கீஸ், பாஸ்டன் ரெட் சாக்ஸ் என்ற பரம எதிரி பேஸ்பால் அணிகளின் ரசிகர்களை வைத்து, மீனா சிகாரா உள்ளிட்டோர் 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். எதிரணி சொதப்பும்போது, பரிசு கிடைத்தால் துள்ளும் அதே மூளைப் பகுதி ரசிகர்களுக்குத் துள்ளியது. அந்தத் துள்ளல் யாருக்கு அதிகமோ, அவர்களே 'எதிரணி ரசிகரைத் திட்டலாம், அடிக்கலாம்' என்ற எண்ணம் தங்களுக்கு இருப்பதாகவும் அதிகம் சொன்னார்கள்.

அதாவது, சிரிப்புக்கும் வன்மத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர் ரொம்ப மெல்லிசு!

சுவர் இடிந்த நாள்

அதை 2024 நவம்பர் 30 அன்று எல்லோரும் நேரில் பார்த்தார்கள். கொலம்பஸில் நடந்த ஆட்டத்தில், யாரும் எதிர்பார்க்காத மிச்சிகன் 13-10 என ஜெயித்தது. உடனே மிச்சிகன் வீரர்கள் மைதானத்தின் நடுவில், ஓஹியோ ஸ்டேட் சின்னத்தின் மேல் தங்கள் கொடியை நட்டார்கள். கலாய்ப்புதான். ஆனால் அடுத்த நிமிடம் இரு அணி வீரர்களும் கைகலப்பில் இறங்க, போலீஸ் பெப்பர் ஸ்பிரே அடித்தது. இரண்டு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். அந்த மைதானத்தில் கொடி நடுவதையே கடும் குற்றமாக்கும் மசோதாவை ஓஹியோ சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கொண்டுவரும் அளவுக்குச் சூடு ஏறியது.

கோபம் எதிரணியோடு நிற்கவும் இல்லை. மிச்சிகனிடம் தொடர்ந்து நான்காவது வருடம் தோற்றதால், 'கோச் ரயன் டேவைத் தூக்குங்க' என்று ஓஹியோ ரசிகர்களே கொதித்தார்கள். அதே டே, அதே அணியோடு, 2025 ஜனவரி 20 அன்று தேசிய சாம்பியன் பட்டத்தை ஜெயித்தார்! பக்கத்து ஊர்க்காரன் சிரிப்பானே என்ற கவலை, சொந்த அணியின் திறமையையே கண்ணில் இருந்து மறைத்துவிட்டது.

கலாய்ப்பு அழகான நாளும் உண்டு

2006 நவம்பர் 18. இரண்டு அணிகளும் தோல்வியே காணாமல், நாட்டின் முதல் இரண்டு இடங்களில் இருந்தபடி கொலம்பஸில் மோதின. அதற்கு முந்தைய நாள் போ ஷெம்பெக்லர் இறந்துபோனார். எந்த மனிதரை வருடக்கணக்கில் கேலி செய்தார்களோ, அவருக்காக ஓஹியோ ஸ்டேடியத்தில் மௌன அஞ்சலி. 1 லட்சம் பேர் எழுந்து நின்றார்கள். பிறகு வழக்கம்போலக் கத்தித் தீர்த்து, 42-39 என ஓஹியோ ஜெயித்தது.

இன்னொன்றும் உண்டு. மேட்ச்சுக்கு முந்தைய வாரங்களில் இரண்டு பல்கலைக்கழகங்களும் 'ரத்தப் போர்' நடத்துகின்றன. பதறாதீங்க! யார் அதிகம் ரத்த தானம் செய்கிறார்கள் என்ற போட்டி அது. வெறியைக்கூட மருத்துவமனைக்குப் பயன்படும்படி திருப்பிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தேட வேண்டியதில்லை.

அப்போ, எது எல்லை?

ஓஹியோவும் மிச்சிகனும் சொல்லித்தரும் பாடம் சிம்பிள். ஒரு எழுத்தை மறைப்பது, பெயரைப் பாதியாக வெட்டுவது, 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பது எல்லாமே விளையாட்டைச் சுற்றிய கேலி. எதிராளியும் அதே தொனியில் பதிலடி தர முடியும். அதனால்தான் அது 100 வருடத்தைத் தாண்டியும் போரடிக்காமல் ஓடுகிறது. அவர் உடம்பு, குடும்பம், வேலை என்று கேலி நகர்ந்தால், அவரால் சிரித்துக்கொண்டே திருப்பித் தர முடியாது. அங்கே விளையாட்டு முடிஞ்சுபோச்சு.

அடுத்த முறை எதிர் டீம் ரசிகருக்கு மீம் தட்டும்போது, சென்ட் பட்டனுக்கு முன்னால் ஒரே ஒரு கேள்வி: 'இதுக்கு அவர் சிரிச்சுக்கிட்டே ஒரு மீம் திருப்பி அனுப்புவாரா?' ஆமாம்னா தாராளமா அனுப்புங்க. இல்லைன்னா, அந்த மீமுக்கு மேல ஒரு சிவப்புப் பெருக்கல் குறி போட்டுடுங்க பாஸ்!