எங்க வீடு... எங்க பிளான்!

ஒரு சின்னக் கேள்வி. உங்களோட 75-வது பிறந்த நாளை எந்த வீட்டுல கொண்டாடப் போறீங்க?

'அடப் போங்கப்பா... இந்த செமஸ்டர் அரியர் க்ளியர் ஆகுமானே தெரியலை. இதுல 75-வது பிறந்த நாளா?' என்று நீங்க சிரிக்கிறது கேட்குது. சிரிங்க, தப்பே இல்லை. ஆனால், லண்டனில் சில பெண்கள் இந்தக் கேள்வியை ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொண்டார்கள். வயசான காலத்தில் எங்கே இருக்கணும், யாரோடு இருக்கணும், வீடு எப்படி இருக்கணும் என்பதையெல்லாம் பிள்ளைகளோ, அரசாங்கமோ, பில்டரோ முடிவு பண்ணக் கூடாது. தாங்களேதான் முடிவு பண்ணணும் என்று கிளம்பினார்கள். நினைத்தபடி கட்டியும் முடித்தார்கள். என்ன... அதுக்கு 18 வருஷம் ஆச்சு!

ஆறு பேர் ஆரம்பித்த ஆட்டம்

கதை ஆரம்பித்தது 1998-ல். மரியா பிரென்டன் என்ற ஆய்வாளர், நெதர்லாந்தில் முதியவர்கள் சேர்ந்து வாழும் குடியிருப்புகளைப் பற்றி ஆராய்ச்சி செய்திருந்தார். 'கோ-ஹவுஸிங்' என்று அதற்குப் பெயர்.

ஹாஸ்டல் மாதிரியா? இல்லை. முதியோர் இல்லமா? அதுவும் இல்லை. அவரவருக்குத் தனி வீடு, தனி கிச்சன், தனி பூட்டு சாவி. கூடவே எல்லோருக்கும் பொதுவாக ஒரு கூடம், ஒரு தோட்டம். கதவைச் சாத்தினா தனிமை, திறந்தா கூட்டம். எது வேணுமோ அது! இதில் முக்கியமான விஷயம், அந்த இடத்தை நடத்துவது வார்டனோ மேனேஜரோ இல்லை. குடியிருப்பவர்களேதான். டென்மார்க்கிலும் நெதர்லாந்திலும் 1980-களில் இருந்தே முதியவர்கள் இப்படி வாழ்கிறார்கள்.

'அங்கே முடியும்னா இங்கே ஏன் முடியாது?' லண்டனில் மரியா நடத்திய பயிலரங்குக்குப் பிறகு ஆறு பெண்கள் கேட்ட கேள்வி இதுதான். 'ஓல்டர் விமன்ஸ் கோ-ஹவுஸிங்' என்று ஒரு குழு ஆரம்பித்தார்கள். 50 வயதைத் தாண்டிய பெண்களுக்கு மட்டுமே இடம். ஏன் அப்படி? பெண்கள் பொதுவாக ஆண்களைவிட அதிக காலம் வாழ்கிறார்கள். கணவரை இழந்தவர்கள், பிரிந்தவர்கள், கல்யாணமே செய்துகொள்ளாதவர்கள் என்று கடைசிக் காலத்தில் தனியாக நிற்பவர்களில் அவர்கள்தான் அதிகம்.

ஏன் இத்தனை வருஷம்?

ஐடியா ரெடி, ஆட்கள் ரெடி. நிலம்? லண்டனில் நிலம் வாங்குவது என்ன விளையாட்டா? பெரிய பெரிய பில்டர்களோடு போட்டி போடணும். இவர்களிடம் இருந்தது ஆசை மட்டும்தான்.

அடுத்த தடை, உள்ளாட்சி நிர்வாகங்களின் பயம். வயசான பெண்கள் மொத்தமாக ஒரு ஏரியாவுக்குக் குடி வந்தால், அவர்களைப் பராமரிக்கும் செலவு நம்ம தலையில் விழுமே என்று கணக்குப் போட்டார்கள். வேடிக்கை என்னன்னா, நெதர்லாந்தில் அரசு போட்ட கணக்கு நேர் தலைகீழ். முதியவர்கள் ஒருத்தருக்கொருத்தர் துணையாக இருந்தால் பராமரிப்புச் செலவு குறையும் என்று இந்தக் குழுக்களை அங்கே ஊக்கப்படுத்தினார்கள்!

ஒவ்வொரு இடமாகப் பார்ப்பதும், அது கைநழுவிப் போவதுமாக வருஷங்கள் ஓடின. நடுவில் சிலர் விலகினார்கள். ஆரம்பத்தில் இருந்த எல்லோரும் குடி வரும் நாளைப் பார்க்கவில்லை. ஆனாலும் மீட்டிங் நிற்கவில்லை. மாதா மாதம் கூடினார்கள், பேசினார்கள், சண்டையும் போட்டார்கள். வீடு கட்டுவதற்கு முன்பே ஒரு அக்கம்பக்கம் உருவாகிவிட்டது.

2010-ல்தான் விடிவு வந்தது. வடக்கு லண்டனில் ஹை பார்னெட் என்ற ஏரியாவில், முன்பு கான்வென்ட் பள்ளி இருந்த இடம் கிடைத்தது. ஹனோவர் என்ற வீட்டுவசதி அமைப்பு அதை வாங்கி, கட்டித் தர முன்வந்தது. அனுமதி, கட்டுமானம் என்று மேலும் ஆறு வருஷம். 2016 டிசம்பரில் 26 பெண்கள் குடி வந்தார்கள். வயது? ஐம்பதுகளில் இருந்து எண்பதுகளின் பின்பகுதி வரை! 'நியூ கிரவுண்ட்' என்று அந்த இடத்துக்குப் பெயர்.

பென்சில் யார் கையில்?

ஆர்க்கிடெக்சர் ஸ்டூடன்ட்ஸ், இங்கே கொஞ்சம் நிமிர்ந்து உட்காருங்க. டிசைன் செய்தது 'பொல்லார்ட் தாமஸ் எட்வர்ட்ஸ்' என்ற நிறுவனம். ஆனால், அவர்கள் பிளானைப் போட்டு முடித்துவிட்டு 'எப்படி இருக்கு மேடம்?' என்று வந்து நிற்கவில்லை. குடி வரப் போகும் பெண்களோடு தொடர்ந்து பட்டறைகள் நடத்தி, என்ன வேணும், என்ன வேண்டாம் என்று பேசி, அதில் இருந்துதான் டிசைனே பிறந்தது.

மொத்தம் 25 வீடுகள். ஒரு பெட்ரூம் வீடு 11, இரண்டு பெட்ரூம் வீடு 11, மூன்று பெட்ரூம் வீடு 3. எல்லாம் தோட்டத்தைச் சுற்றி. பொதுக்கூடம் எங்கோ பின்கட்டில் ஒளிந்திருக்கவில்லை. குடியிருப்பின் மையமே அதுதான். சேர்ந்து சமைக்கலாம், சாப்பிடலாம், மீட்டிங் போடலாம். பொதுவாக ஒரு லாண்டரியும் உண்டு. அட, துணி துவைக்கிற இடத்துல அப்படி என்ன இருக்குன்னு கேட்காதீங்க. ஒரே இடத்தில் துவைப்பவர்கள் ஒரு நாள் வரவில்லை என்றால், 'என்னாச்சு அவங்களுக்கு?' என்று இன்னொருத்தர் கேட்பார். வயசான காலத்தில் அந்தக் கேள்விதான் இன்ஷூரன்ஸ்!

விருந்தாளிகளுக்குப் பொதுவாக ஒரு அறை வைத்தார்கள். மகனோ பேத்தியோ வருஷத்துக்கு நாலு நாள் வந்து தங்குவதற்காக, ஒவ்வொருத்தரும் ஒரு பெட்ரூமை வருஷம் முழுக்கப் பூட்டி வைக்க வேண்டாமே!

2009-ல் இங்கிலாந்தில் 'ஹாப்பி' என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட நிபுணர் குழு ஒன்று, முதியோர் வீடுகளுக்குப் பத்து விதிகள் சொன்னது. நல்ல வெளிச்சம், பால்கனி அல்லது திறந்தவெளி, பொருட்கள் வைக்கத் தாராள இடம், இருட்டு காரிடார் கூடாது என்று போகும் அந்தப் பட்டியல். நிபுணர்கள் சொன்னதும் இந்தப் பெண்கள் கேட்டதும் பல இடங்களில் ஒத்துப்போனது. அப்படின்னா அவங்ககிட்ட எதுக்குக் கேட்கணும்? காரணம் இருக்கு.

எட்டுப் படி ஏணி

ஷெர்ரி ஆர்ன்ஸ்டீன் என்ற அமெரிக்கப் பெண்மணி 1969-ல் ஒரு கட்டுரை எழுதினார். மக்கள் பங்கேற்பு என்பதை அவர் எட்டுப் படி உள்ள ஏணியாகப் பார்த்தார். கீழே இரண்டு படியில் பங்கேற்பே கிடையாது, மக்களைச் சமாளிக்கும் வேலைதான். நடுவில் மூன்று படி: தகவல் சொல்வது, கருத்துக் கேட்பது, பெயருக்கு நாலு பேரைக் கமிட்டியில் உட்கார வைப்பது. இதெல்லாம் சும்மா ஒப்புக்குச் சப்பாணி. மேலே உள்ள மூன்று படிகளில்தான் முடிவெடுக்கும் அதிகாரம் மக்கள் கைக்கு வருகிறது.

புரியலையா? உங்க காலேஜ் கேன்டீனையே எடுத்துக்கோங்க. சஜஷன் பாக்ஸ் வெச்சிருந்தா, அது நடுப்படி. மெனு கமிட்டியில ஸ்டூடன்ட்ஸுக்கு ஓட்டு இருந்தா, அது மேல்படி. பெட்டியில சீட்டுப் போட்டதுக்காக உப்புமா என்னிக்காவது மாறியிருக்கா?

நியூ கிரவுண்ட் பெண்கள் மேல்படியில் நின்றார்கள். அதன் பலன் கட்டடத்தைவிட, குடி வந்த பிறகுதான் பளிச்சென்று தெரிந்தது. தோட்டம், பராமரிப்பு, கணக்கு என்று வேலைகளைக் குழுக்களாகப் பிரித்துக்கொண்டு, அவர்களே நடத்துகிறார்கள். பேசிப் பேசி ஒருமித்த முடிவுக்கு வருகிறார்கள். உடம்பு சரியில்லாதபோது அழைக்க ஒவ்வொருத்தருக்கும் 'ஹெல்த் பட்டி' என்று தோழிகள் உண்டு. அதற்காக யாரும் யாருக்கும் நர்ஸ் கிடையாது. பக்கத்து வீட்டுக்காரர் மேல் ஒரு கண் வைத்துக்கொள்வது வேறு, படுக்கையில் கிடப்பவரைப் பராமரிப்பது வேறு. இரண்டாவதற்கு வெளியில் இருந்து ஆள் வரணும். இந்தக் கோட்டை அவர்கள் முதலிலேயே கிழித்துவிட்டார்கள்.

ஆண்கள்? தாராளமாக வரலாம், தங்கலாம். குடியிருக்க மட்டும் முடியாது!

எல்லாமே சூப்பரா?

அப்படிச் சொல்ல முடியாது. 25 வீடுகளில் 17 வீடுகள் சொந்தப் பணத்தில் வாங்கப்பட்டவை. லண்டனில் விற்பதற்கு ஏற்கெனவே ஒரு வீடு இருந்தவர்களுக்குத்தான் அது சாத்தியம். மீதி 8 வீடுகள் குறைந்த வாடகைக்கு. டியூடர் டிரஸ்ட் என்ற அறக்கட்டளை நிதி தந்ததால்தான் அந்த எட்டும் வந்தன. பணம் இல்லாதவர்களுக்கும் இடம் வேணும் என்று குழு விடாப்பிடியாக நின்றது. ஆனால், நல்ல மனசு மட்டும் செங்கல் வாங்கித் தராது.

இன்னொன்று காலம். 55 வயதில் சேர்ந்த ஒருத்தர் 73 வயதில் குடி போவதென்றால்? முதியவர்களிடம் கருத்துக் கேட்க நேரம் எடுத்துக்கொள்ளலாம், தப்பில்லை. நிலத்துக்கும் கையெழுத்துக்கும் அவர்களைக் காக்க வைப்பதுதான் கொடுமை. அந்த 18 வருஷத்தைத் தின்றது பெண்களின் விவாதங்கள் இல்லை. அவர்களை நம்பாத சிஸ்டம்.

நீங்க என்ன செய்யலாம்?

ஆர்க்கிடெக்சரோ, சிவிலோ, சோஷியல் வொர்க்கோ, நாளைக்கு ஒரு நாள் முதியவர்களுக்கான புராஜெக்ட் உங்க கைக்கு வரும். அப்போ இதை ஞாபகம் வெச்சுக்கோங்க:

* 'உங்களுக்கு என்ன வேணும்?'னு கேட்காதீங்க. 'எதுவும் வேணாம்ப்பா'ன்னுதான் பதில் வரும். 'நேத்து காலையில இருந்து ராத்திரி வரைக்கும் என்னென்ன பண்ணினீங்க?'ன்னு கேளுங்க. டிசைன் தானா கிடைக்கும்.

* உட்கார்ந்து பேசாதீங்க, கூட நடங்க. எந்த இடத்துல சுவரைப் பிடிக்கிறாங்க, எங்கே நின்னு மூச்சு வாங்குறாங்கன்னு பாருங்க. கைப்பிடியும் பெஞ்சும் வர வேண்டிய இடம் அதுதான்.

* கம்ப்யூட்டர் டிராயிங்கைக் காட்டி மிரட்டாதீங்க. அட்டையில் மாடல் செய்து, கையால் நகர்த்திப் பார்க்க விடுங்க.

* மகன், மகள்கிட்ட மட்டும் கேட்டுட்டு வந்துடாதீங்க. அவங்க கேட்கிறது பாதுகாப்பு. பெரியவங்க கேட்கிறது பெரும்பாலும் சுதந்திரம்.

* மறுபடியும் போங்க. அவங்க சொன்னதுல எது பிளான்ல வந்துச்சு, எது வரலை, ஏன் வரலைன்னு சொல்லுங்க. இதைச் செய்யலைன்னா, நீங்களும் நடுப்படிதான்!

ஒண்ணு கவனிச்சீங்களா? இந்தக் கேள்விகளில் ஒண்ணுக்குக்கூட கோட்டா, டெண்டர், பட்ஜெட் எதுவும் தேவை இல்லை. காது மட்டும் போதும். உங்களுக்கு 75 வயசாகும்போது, ஒரு இருபது வயசுப் பொண்ணோ பையனோ நோட்டும் பென்சிலுமா வந்து உங்க எதிர்ல உட்காரணும்னு ஆசை இருக்கா? அப்போ அந்தப் பழக்கத்தை இப்பவே ஆரம்பிச்சு வெச்சுடுங்க, ஃப்ரெண்ட்ஸ்!