சேலத்திலிருந்து தூத்துக்குடி: ஆகாயத்தில் எவ்வளவு தூரம்?



பம்மலில் கடை வைத்திருக்கும் நமக்கு விமானச் சத்தம் புதிதல்ல. ஆனால் அதில் ஏறிக் கொள்முதலுக்குப் போனால் நேரம் மிச்சமாகுமா என்று கணக்குப் பார்த்தவர்கள் நம்மில் குறைவு. நானும் பார்க்கவில்லை. அதனால் 2024 அக்டோபரில் ஒரு லோடு உப்பு கைநழுவியது.

ஜவ்வரிசி வாங்கச் சேலம் போயிருந்தேன். காலையில் தூத்துக்குடியிலிருந்து போன். "அண்ணாச்சி, மழைக்கு முந்தின கடைசிச் சரக்கு. சாயங்காலத்துக்குள்ள வந்து பாத்துருங்க, இன்னொருத்தர் கேட்டுட்டு இருக்காரு" என்றார் தரகர். இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருக்கிறதே என்று உடனே டிக்கெட் போட்டுவிட்டேன்.

வீட்டில் பேரனின் அட்லஸ் இருந்தால் எடுத்துப் பாருங்கள். இரண்டு ஊரும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகையில், 78 டிகிரியில் இருக்கின்றன. சேலத்தின் கமலாபுரம் நிலையம் அட்சரேகை 11.8-ல், தூத்துக்குடியின் வாகைக்குளம் 8.7-ல். ஒரு டிகிரிக்கு 111 கிலோமீட்டர். ஆக நேர்கோட்டில் சுமார் 340 கிலோமீட்டர்தான். இந்தத் தடங்களில் ஓடும் ஏ.டி.ஆர். விமானம் மணிக்கு ஏறத்தாழ 500 கிலோமீட்டர் வேகம் போகும். ஏறி இறங்குவதையும் சேர்த்து ஒரு மணிக்குச் சற்றுக் கூடுதலாகலாம்.

ஆனால் நேர் விமானம் கிடையாது! சென்னை வந்து மாறினேன். சேலம்–சென்னை 265, சென்னை–தூத்துக்குடி 530, மொத்தம் 795 கிலோமீட்டர். இரண்டு மடங்குக்கு மேல்!

நேரத்தையும் கூட்டுங்கள். கமலாபுரம் போக அரை மணி. ஒரு மணி நேரம் முன்பே கவுண்டரை மூடிவிடுவதால், ஒன்றரை மணி முன்பே அங்கிருக்க வேண்டும். சென்னைக்கு ஒரு மணி. மீனம்பாக்கத்தில் காத்திருப்பு எனக்கு மூன்று மணி. பிறகு ஒன்றரை மணிப் பறப்பு. வாகைக்குளத்திலிருந்து ஊருக்குள் அரை மணி. மொத்தம் எட்டு மணி! மதுரை வழியாகக் காரில் போனால் சுமார் 380 கிலோமீட்டர், ஏழு மணியில் போயிருப்பேன். வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று மணி நேரமும் என் கடைக்கு நாலைந்து கிலோமீட்டர் தள்ளித்தான் உட்கார்ந்திருந்தேன்.

போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. சரக்கு கைமாறியிருந்தது. மறுநாள் வேறிடத்தில் கூடுதல் விலைக்கு வாங்கினேன்.

சென்னையிலிருந்து நேராகத் தூத்துக்குடி போவது வேறு கணக்கு. சாலையில் சுமார் 600 கிலோமீட்டர், பத்து மணிக்கு மேல். அங்கே விமானம் நிச்சயம் லாபம். வாகைக்குளம் ஓடுபாதை 1,350 மீட்டராக இருந்தது, இப்போது 3,115 மீட்டர். புதிய முனையமும் 2025 ஜூலையில் திறந்தார்கள். இனிப் பெரிய ஜெட் இறங்கலாம். ஆனாலும் இவ்வளவு குறைந்த தூரத்தில் ஜெட்டால் மிச்சமாவது பத்து இருபது நிமிடம்தான்.

இப்போதெல்லாம் சேலத்தில் வேலை முடிந்தால் ராத்திரி பஸ்ஸில் மதுரை, அங்கிருந்து தூத்துக்குடி. விடிந்ததும் உப்பளத்தில் நிற்கிறேன்.