மறைந்த நிறுவனத்தின் கணினிகளுக்குப் புதிய மின்சுற்றுப் பலகைகள்

ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரிலிருந்து தெற்கே, மலையடிவாரத்தை ஒட்டிச் செல்லும் பெர்க்ஸ்ட்ராஸ சாலையில் சுமார் 30 கிலோமீட்டர் தூரத்துக்குள் பென்ஸ்ஹைம், ஹெப்பன்ஹைம் என்ற இரு சிறு நகரங்கள் உள்ளன. திராட்சைத் தோட்டங்களுக்குப் பெயர்பெற்ற இந்த நகரங்களில்தான், 1990களின் நடுப்பகுதியில், ஐரோப்பிய வீடுகளில் மிகவும் விரும்பப்பட்ட கணினிகளில் ஒன்றான அமிகாவின் தலைவிதி நிர்ணயிக்கப்பட்டது.

அமிகாவைச் சந்தைக்குக் கொண்டுவந்த அமெரிக்க நிறுவனமான கொமடோர், 1994 ஏப்ரல் 29 அன்று தனது சொத்துகள் கலைக்கப்படும் என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு அந்தச் சொத்துகளை, ஹெப்பன்ஹைமைத் தலைமையிடமாகக் கொண்டிருந்த எஸ்கொம் என்ற கணினி விற்பனை நிறுவனம் வாங்கியது. அமிகா தயாரிப்பைத் தொடர்வதற்காக பென்ஸ்ஹைமில் அமிகா டெக்னாலஜீஸ் என்ற துணை நிறுவனம் அமைக்கப்பட்டது. ஆனால் 1996 ஜூலையில் எஸ்கொம் நிறுவனமும் திவாலானது. 1997 இல் உரிமைகள் மீண்டும் அமெரிக்காவுக்கு, கேட்வே நிறுவனத்திடம் சென்றன. அடுத்த சில ஆண்டுகளில் பழைய வரிசைக் கணினிகளின் தயாரிப்பு முற்றாக நின்றுபோனது.

எனினும், 2010களின் பிற்பகுதியிலிருந்து, இந்தக் கணினிகளுக்கான புத்தம் புதிய தாய்ப்பலகைகள் மீண்டும் தோன்றத் தொடங்கின. அவற்றை உருவாக்கியது எந்த நிறுவனமும் அல்ல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ள தன்னார்வப் பொறியாளர்களே மாலை நேரங்களில் அமர்ந்து அவற்றை மறுபடி வரைந்தனர். தயாரித்தவரும் வாங்கியவரும் மறைந்த பிறகு ஒரு கணினியை உயிர்ப்பிக்க முடியுமா என்ற கேள்விக்கு இம்முயற்சிகள் ஒரு பாதி விடையை அளித்துள்ளன. மறுபாதி, தொழில்நுட்பத்தைவிடச் சட்டத்தோடும் ஆவணங்களோடும் அதிகம் தொடர்புடையது.

பலகையை அழிக்கும் மின்கலம்

பழைய அமிகா பழுதாவதற்கு முக்கியக் காரணம், அதன் உள்ளேயே பொருத்தப்பட்ட ஒரு சிறு மின்கலம்தான். கணினி அணைக்கப்பட்ட பிறகும் அதன் கடிகாரம் ஓட வேண்டும் என்பதற்காக, 1987 இல் வெளிவந்த அமிகா 2000, 1990 இல் வந்த 3000, 1991 இல் வந்த 500 பிளஸ், 1992 இல் வந்த 4000 ஆகிய மாதிரிகளின் தாய்ப்பலகையில் நிக்கல்-காட்மியம் மின்கலம் நேரடியாகப் பற்றவைக்கப்பட்டிருந்தது.

இந்த மின்கலத்தினுள் இருப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற வீரியமிக்க காரக் கரைசல். ஆண்டுகள் செல்லச் செல்ல அது கசிந்து, பலகையின் மேற்பூச்சுக்கு அடியில் புகுந்து, செம்புத் தடங்களை அரிக்கத் தொடங்குகிறது. அந்தத் தடங்களின் தடிப்பு வழக்கமாக 35 மைக்ரோமீட்டர். மனிதத் தலைமுடியைவிட மெல்லியது. பழைய செம்புப் பாத்திரத்தில் பிடிக்கும் அதே பச்சைக் களிம்பு இங்கும் பிடிக்கிறது. வேறுபாடு என்னவென்றால், பாத்திரத்தைப் புளி போட்டு விளக்கிவிடலாம். 35 மைக்ரோமீட்டர் செம்பில் விளக்குவதற்கு எதுவும் மிஞ்சாது.

கணினியைப் பரணில் பத்திரமாக எடுத்து வைத்தாலும் பயனில்லை. பயன்படுத்தாமல் கிடக்கும்போதும் மின்கலம் கசிகிறது. அமிகா 2000 இல் அது மையச் செயலிக்கு அருகிலேயே இருந்ததால், முதல் பாதிப்பு கணினியின் மூளைக்கே ஏற்பட்டது. இது போதாதென்று, 1990களின் தொடக்கத்தில் வந்த 1200, 4000 போன்ற மாதிரிகளில் பயன்படுத்தப்பட்ட சிறிய மின்தேக்கிகளும் தங்கள் திரவத்தைக் கசியவிட்டன.

சேதம் சிறிதாக இருந்தால் வினிகர் கொண்டு காரத்தைச் சமன்செய்து, அறுந்த தடங்களுக்குப் பதிலாக மெல்லிய கம்பிகளைப் பற்றவைக்கலாம். சென்னையின் ரிச்சி தெருவில் கைபேசி பழுதுபார்ப்பவர்களுக்கு இது பழகிய வேலை. ஆனால் பலகையின் அடுக்குகளை இணைக்கும் துளைகளுக்குள் அரிப்பு இறங்கிவிட்டால், கம்பி வைத்துக் கட்டி முடியாது. அப்போதுதான் முழுப் பலகையையும் புதிதாகச் செய்யும் யோசனை எழுகிறது.

ஒரு பலகை மறுபடி பிறக்கும் விதம்

இந்த வேலையை முதலில் தொடங்குபவர் ஒரு கணினியைப் பலி கொடுக்க வேண்டும். ஏற்கனவே மீட்க முடியாத நிலையிலுள்ள ஒரு பலகையிலிருந்து எல்லாப் பாகங்களும் வெப்பக் காற்றினால் தளர்த்தி அகற்றப்படுகின்றன. வெறுமையான பலகையின் இரு பக்கங்களும் துல்லியமாகப் படமெடுக்கப்படுகின்றன. உள்ளடுக்குகள் கண்ணுக்குத் தெரியாது என்பதால், சிலர் உப்புத்தாள் கொண்டு பலகையை அடுக்கடுக்காகத் தேய்த்து, ஒவ்வொரு அடுக்கும் வெளிப்படும்போது அதைப் படம்பிடிக்கின்றனர். பின்னர் எந்த முனை எந்த முனையோடு இணைகிறது என்பது அளவைக் கருவி கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்க்கப்படுகிறது. ஒரு தாய்ப்பலகையில் இத்தகைய இணைப்புகள் பல நூறு இருப்பதால், மாதக்கணக்கில் பொறுமை தேவை.

இங்கே கொமடோர் விட்டுச் சென்ற ஒரு பழக்கம் பெரும் உதவியாக அமைந்தது. அமிகா 500, 2000 போன்ற கணினிகளுடன் அளிக்கப்பட்ட பயனர் கையேடுகளிலேயே மின்சுற்று வரைபடங்கள் அச்சிடப்பட்டிருந்தன. பழுதுபார்ப்பவர்களுக்கான தனிக் கையேடுகளும் இருந்தன. இன்று ஒரு மடிக்கணினி வாங்குபவருக்கு இப்படியொரு வரைபடம் கிடைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. அந்தத் தாள்கள் இல்லாதிருந்தால், உப்புத்தாளும் அளவைக் கருவியும் மட்டும் இவ்வளவு தூரம் கொண்டு வந்திருக்குமா என்பது சந்தேகமே.

திரட்டிய தகவல்கள் அனைத்தும் கைகேட் போன்ற மென்பொருளில் மீண்டும் வரையப்படுகின்றன. 1992 இல் பிரெஞ்சுப் பொறியாளர் ஜான்-பியர் ஷரா தொடங்கிய இந்த இலவச மென்பொருளின் வளர்ச்சிக்கு, ஜெனீவாவை அடுத்துள்ள செர்ன் அணு ஆய்வகம் 2010களில் கைகொடுத்தது. ஒரு காலத்தில் பெருநிறுவனங்களிடம் மட்டுமே இருந்த வடிவமைப்புக் கருவி, இவ்வாறு வீட்டு மேசைக்கு வந்தது. வரைந்து முடித்த கோப்புகள் சீனாவின் ஷென்ஜென் போன்ற இடங்களிலுள்ள ஆலைகளுக்கு அனுப்பப்படுகின்றன. ஓரிரு வாரங்களில் வெற்றுப் பலகைகள் அஞ்சலில் வந்து சேர்கின்றன.

அதன் பிறகு பாகங்களைப் பற்றவைக்கும் வேலை. மின்தேக்கிகள், மின்தடைகள், இணைப்பிகள் ஆகியவற்றைப் புதிதாக வாங்கலாம். மின்கலம் இருந்த இடத்தில், கசியும் ஆபத்து குறைந்த நாணய வடிவ மின்கலம் பொருத்தப்படுகிறது. முதன்முறை மின்சாரம் கொடுக்கும்போது திரையின் நிறமே மருத்துவ அறிக்கை. சிவப்பு என்றால் நிரந்தர நினைவகச் சில்லில் கோளாறு. பச்சை என்றால் தற்காலிக நினைவகத்தில் கோளாறு. இந்த நிறங்களைத் தாண்டி, நெகிழ்வட்டைச் செருகச் சொல்லும் படம் திரையில் தோன்றினால், இயந்திரம் மீண்டுவிட்டது என்று பொருள்.

இது பழைய கணினியா, புதிய கணினியா என்ற விவாதமும் உண்டு. இது வெறும் வாதத்துக்கான கேள்வி என்று ஒதுக்கிவிட முடியாது. அருங்காட்சியகங்கள் மூலப் பொருளில் கை வைக்கத் தயங்குகின்றன. பயன்படுத்துவோர் ஓடும் இயந்திரத்தையே விரும்புகின்றனர். ஜெர்மனி இந்தக் கேள்வியை முன்பே சந்தித்திருக்கிறது. கொன்ராட் ஜூஸே 1941 இல் பெர்லினில் உருவாக்கிய இசட்-3 கணினி, 1943 இல் குண்டுவீச்சில் அழிந்தது. மியூனிக் அருங்காட்சியகத்தில் இன்று மக்கள் பார்ப்பது, 1960களின் தொடக்கத்தில் செய்யப்பட்ட அதன் மறுபிரதியையே.

சில்லுகளும் உரிமைகளும்

பலகையை எத்தனை முறை வேண்டுமானாலும் அச்சிடலாம். ஆனால் அதன் மீது அமரும் அக்னஸ், டெனிஸ், பவுலா போன்ற சிறப்புச் சில்லுகளின் நிலை வேறு. படம், ஒலி, நினைவகம் ஆகியவற்றைக் கவனிக்கும் இச்சில்லுகளை கொமடோரின் சொந்தப் பிரிவே அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் தயாரித்தது. அந்தத் தயாரிப்பு நின்று வெகுகாலமாகிவிட்டது. எனவே ஒவ்வொரு புதிய பலகைக்கும் ஒரு பழைய கணினியின் உறுப்புகள் தேவைப்படுகின்றன. வெறும் பலகை அச்சிடுவதால் அமிகாக்களின் மொத்த எண்ணிக்கை பெருகாது. மறுநிரலாக்கம் செய்யக்கூடிய நவீனச் சில்லுகளைக் கொண்டு அவற்றின் செயல்பாட்டைப் பிரதிபலிக்கும் முயற்சிகள் நடந்துள்ளன. டச்சுப் பொறியாளர் டென்னிஸ் வான் வீரன் உருவாக்கி, 2007 இல் வடிவமைப்பைப் பொதுவில் வெளியிட்ட மினிமிக் அவற்றுள் முன்னோடி.

சட்டத்தின் பார்வையில் நிலைமை மேலும் விசித்திரமானது. ஜெர்மனியின் 1987 ஆம் ஆண்டு அரைக்கடத்திப் பாதுகாப்புச் சட்டம், சில்லின் உள்வடிவமைப்புக்கு 10 ஆண்டுகள் மட்டுமே பாதுகாப்பு அளிக்கிறது. 1980களின் காப்புரிமைகளும் காலாவதியாகிவிட்டன. ஆனால் கணினி விழித்தெழுவதற்குத் தேவையான கிக்ஸ்டார்ட் மென்பொருளுக்குப் பதிப்புரிமை பொருந்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது ஆக்கியோரின் மறைவுக்குப் பின் 70 ஆண்டுகள் நீடிக்கிறது. அதாவது, வன்பொருள் சட்டப்படி சுதந்திரமடைந்து, உடலளவில் அழிந்துகொண்டிருக்கிறது. எளிதில் நகலெடுக்கக்கூடிய மென்பொருளோ இன்னும் பல தசாப்தங்களுக்குப் பூட்டப்பட்டிருக்கும். திவாலான நிறுவனங்களிடமிருந்து கைமாறிய அந்த உரிமை யாருக்குச் சொந்தம் என்பது குறித்து அமெரிக்க நீதிமன்றங்களில் வழக்குகளும் நடந்துள்ளன.

இவ்வளவு சிரமம் எதற்காக என்று கேட்பவர்களுக்கு ஒரு நியூயார்க் உதாரணம் உண்டு. 1985 ஜூலையில் அந்நகரில் அமிகா அறிமுகம் செய்யப்பட்டபோது, ஓவியர் ஆண்டி வார்ஹோல் மேடையிலேயே அதில் ஒரு உருவப்படம் வரைந்து காட்டினார். அதே ஆண்டு அவர் அமிகாவில் வரைந்து நெகிழ்வட்டுகளில் சேமித்த படங்கள், 2014 இல்தான் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் கணினிக் கழகத்தினரால் மீட்கப்பட்டன. அமிகாவின் 880 கிலோபைட் நெகிழ்வட்டை வழக்கமான கணினிகளின் வட்டு இயக்கிகளால் படிக்க முடியாது என்பதே இத்தகைய மீட்பைக் கடினமாக்குகிறது. வார்ஹோலின் வட்டுகளைத் தேட ஓர் அருங்காட்சியகம் இருந்தது. அவ்வாறான நிறுவனம் இல்லாதவர்களின் வட்டுகளுக்கு, ஓடும் கணினி ஒன்று அவசியமாகிறது.

இவ்விஷயம் தமிழர்களுக்கும் அந்நியமானதல்ல. 1980களிலும் 90களிலும் ஐரோப்பாவில் வெளிவந்த புலம்பெயர் தமிழ்ச் சிற்றிதழ்கள் கையெழுத்திலிருந்து படிப்படியாகக் கணினிக்கு மாறிய காலம் அது. யூனிகோட் பரவலாவதற்கு முன், ரோமன் எழுத்துகளின் இடத்தில் தமிழ் எழுத்துகளை வைத்த எழுத்துருக்களே பயன்பட்டன. அக்கால வட்டு ஒன்றைப் படித்துவிட்டாலும், உரிய எழுத்துரு இல்லையென்றால் திரையில் தோன்றுவது பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே. பலகை, வட்டு, எழுத்துரு ஆகிய மூன்றும் ஒருசேரப் பிழைத்தால்தான் கட்டுரையும் பிழைக்கும்.

நிறுவனங்களின் பொறுப்பு

டார்ம்ஸ்டாட்டுக்குக் கணினிகளோடு நீண்ட உறவு உண்டு. அங்குள்ள தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கணிதப் பேராசிரியர் ஆல்வின் வால்தர் 1930களில் உருவாக்கிய கணக்கிடும் அளவுகோல், 'டார்ம்ஸ்டாட் முறை' என்ற பெயரிலேயே அறியப்பட்டது. அவரது நிறுவகம் 1950களில் டேரா என்ற மின்னணுக் கணினியையும் கட்டியது.

அதே நகரிலிருந்துதான் ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் தனது விண்கலங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2003 இல் ஏவப்பட்ட மார்ஸ் எக்ஸ்பிரஸ் கலத்தின் ரேடார் கருவிக்கு 2022 இல் புதிய மென்பொருள் அனுப்பப்பட்டபோது, அதன் பழைய மென்பொருள் விண்டோஸ் 98 காலத்துக் கருவிகளைக் கொண்டு எழுதப்பட்டது என்று அந்நிறுவனம் தெரிவித்தது. செவ்வாயைச் சுற்றும் கலத்தின் பலகையை யாராலும் மாற்ற முடியாது. ஆவணங்களையும் அனுபவமுள்ள ஆட்களையும் கைவிடாமல் வைத்திருந்ததால்தான் இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அதில் மாற்றம் செய்ய முடிந்தது. பெர்க்ஸ்ட்ராஸ சாலையில் திவாலான நிறுவனத்துக்கு அந்த வாய்ப்பு இருக்கவில்லை.

இந்தியாவிலும் இதே கேள்வி உண்டு. மேற்கு ஜெர்மனியின் உதவியோடு நிறுவப்பட்ட சென்னை ஐஐடியில் 1973 இல் ஐபிஎம் 370/155 பெருங்கணினி நிறுவப்பட்டது. 1984 இல் தொடங்கிய பள்ளிக் கணினிக் கல்வித் திட்டம், பிரிட்டனின் ஏக்கார்ன் நிறுவனம் வடிவமைத்த பிபிசி மைக்ரோ கணினிகளை இந்திய வகுப்பறைகளுக்குக் கொண்டுவந்தது. ஒரு தலைமுறை மாணவர்கள் முதன்முதலில் தொட்ட கணினி அது. அவற்றைப் பேணுவது எந்த ஒரு துறையின் கடமையாகவும் வகுக்கப்படவில்லை.

ஜெர்மனி 2021 இல், அமிகா போன்ற கணினிகளில் வளர்ந்த 'டெமோசீன்' என்ற கணினிக் கலை வடிவத்தைத் தனது தேசிய மரபுரிமைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டது. கலைக்கு அங்கீகாரம் கிடைத்துள்ளது. அதை இயக்கும் இயந்திரங்கள் தன்னார்வலர்களின் கையில்தான் உள்ளன. பொருட்களைப் பழுதுபார்ப்பதை ஊக்குவிக்கும் ஐரோப்பிய ஒன்றியத்தின் நெறிமுறை 2024 ஜூனில் ஏற்கப்பட்டது. உறுப்பு நாடுகள் அதை 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று காலக்கெடு விதிக்கப்பட்டது. துணி துவைக்கும் இயந்திரங்கள், குளிர்சாதனப் பெட்டிகள், கைபேசிகள் எனத் தொடங்கிய அதன் பட்டியலில், ஏற்கப்பட்ட வேளையில் மேசைக் கணினியோ மடிக்கணினியோ இடம்பெறவில்லை.