மட்டையின் வேகமும் நம் உடம்பும்

சகோதரிகளே, ஐம்பது வயதுப் பெண்கள் மைதானத்தில் இறங்கினால் சிரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரிவர்ஸ்டன் அடிவாரத்தில் நான் பணிபுரியும் குழுவின் அக்காமார் அதைப் பொருட்படுத்தாமல் எல்லே ஆடுகிறார்கள். போரில் துணையை இழந்தவர்களும் அவர்களில் உண்டு.

அமெரிக்காவில் முதியோர் சொப்ட்போல் ஆடுவோர் ஏராளம். அங்குள்ள உள்ளீடற்ற மட்டைகள், பந்து பட்டதும் சற்று வளைந்து மீள்கின்றன. பந்து குறைவாகவே நசுங்குவதால் வேகம் வீணாவதில்லை. தளர்ந்த தோளுக்கு இது உதவி. ஆனால் எதிரே பந்து வீசுபவருக்கும் வயதாகிவிட்டதே! மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் திரும்பும் பந்து 15 மீற்றரைக் கடக்க ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கே போதும். ஆகவேதான் மட்டைக்கு வரம்பு, முகக்கவசம், வலைத்தடுப்பு என்பவை வந்தன. கிரிக்கெட்டிலும் 2017இல் மட்டை விளிம்பின் தடிப்பு 40 மில்லிமீற்றருக்கு மேற்படக் கூடாது என்று விதித்தார்கள்.

நமது எல்லேக்கு ரெனிஸ் பந்து. எடை சுமார் 58 கிராம். சொப்ட்போல் பந்து அதைப்போல் மூன்று மடங்கு. ஆயினும் கண்ணில் பட்டால் ரெனிஸ் பந்தும் ஆபத்தே. ஓடுபவரைப் பந்தால் அடித்தே ஆட்டமிழக்கச் செய்வதால், இடுப்புக்குக் கீழே மட்டும் எறிவதெனப் பேசிக்கொள்ளுங்கள். தடி வழுக்காமல் பிடியில் துணி சுற்றுங்கள். வெடித்த தடியை ஒதுக்குங்கள்.

தனியே குடும்பம் சுமக்கும் பெண்ணின் கை முறிந்தால் அந்த வீட்டில் அடுப்பெரியாது. அதற்காக ஆட்டத்தை விடவேண்டாம்; விதியை நாமே அமைத்துக்கொண்டு ஆடுவோம்.