களஞ்சிய எலிகளும் காற்றுத் துப்பாக்கியும்

களத்தில் அடித்துக் குதிரில் சேர்த்த நெல்லை எலி தின்பதோடு நில்லாமல், எஞ்சியதையும் தன் புழுக்கையாலும் மூத்திரத்தாலும் கெடுத்துவிடுகிறதென்பது விவசாயிகள் யாவரும் அறிந்ததே. வளைகளை அடைத்தல், பொறி வைத்தல், களஞ்சியத்தைத் தரையினின்றும் உயர்த்திக் கட்டுதல் ஆகியவையே இதற்கு முதன்மையான பரிகாரங்கள். இவற்றிற்குத் தப்பிய சில எலிகளை, கால்நடைகள் நடமாடுவதால் விஷம் வைக்கத் தகாத வைக்கோற்போர்ப் பக்கங்களில், காற்றுத் துப்பாக்கியால் சுட்டு ஒழிக்கலாம். ஆயினும் குறி தவறாதவர் கையிலேயே இக்கருவி பிரயோஜனப்படும். குறி தவறிக் காயம்பட்ட எலி சுவரிடுக்கிற் புகுந்து, வருந்தி இறந்து, அழுகி நாறும்.

சுடத் தகுந்த தூரம்

துப்பாக்கி எவ்வளவு தூரம் சுடும் என்றே வாங்குவோர் வினவுகின்றனர். சுடுவோர் எவ்வளவு தூரத்தில் தவறாமற் சுடுவார் என்பதே வினவத்தக்கது. எலியை உடனே கொல்ல, குண்டு அதன் தலையிற் பட வேண்டும். அவ்விடம் 1 அங்குல வட்டத்திற்கு மேற்படாது. ஆகையால் காகிதத்தில் 1 அங்குல வட்டம் வரைந்து, மண்மேட்டின் முன் நிறுத்தி, 10 கஜ தூரத்திலிருந்து 10 குண்டுகள் சுடுக. மேசையின்மேல் துப்பாக்கியைச் சார்த்திச் சுடுவது சோதனையாகாது. களத்தில் குந்தியிருந்து சுடுபவர் குந்தியிருந்தே சோதிக்க வேண்டும். பத்தும் வட்டத்துள் விழுந்தால் இரண்டு கஜம் பின்வாங்கி மீண்டும் சுடுக. பத்தும் உள்ளே விழும் கடைசித் தூரமே உமது எல்லை. ஒன்பது விழுந்தது போதாது. இரவில் விளக்கொளியில் சுடுவதாயின் அவ்வெளிச்சத்திலேயே சோதித்து எல்லையைக் குறிக்க வேண்டும். எல்லையை அளந்து களத்தில் முளையடித்து வைத்தல் நலம். கண்ணளவு பெரும்பாலும் ஏமாற்றும்.

குண்டு தாழ்தல்

நொடிக்கு 600 அடி வேகத்தில் புறப்படும் ஈயக்குண்டு, குழலின் நேர்கோட்டினின்றும் 10 கஜத்தில் சுமார் அரை அங்குலமும், 20 கஜத்தில் 2 அங்குலத்திற்குச் சற்று மேலும், 30 கஜத்தில் 5 அங்குலத்திற்கு மேலும் தாழ்கிறது. எனவே 15 கஜத்திற்குக் குறி திருத்திய துப்பாக்கியால் 25 கஜத்தில் சுட்டால், குண்டு ஏறக்குறைய 1 அங்குலம் தாழ்ந்து வட்டத்திற்கு வெளியே போகும். நீர் வழக்கமாகச் சுடும் தூரத்திற்கே குறியைத் திருத்தி வைத்துக்கொள்க. குண்டின் வகையை மாற்றினால் குறியும் மாறும். ஒரே வகையையே உபயோகித்தல் வேண்டும்.

பிடிக்கும் முறை

சுருள்வில்லால் இயங்கும் காற்றுத் துப்பாக்கி, குண்டு குழலை விட்டு வெளியேறுமுன்னரே முன்னும் பின்னும் அதிர்கிறது. அதனை இறுகப் பிடித்தால் அவ்வதிர்ச்சி ஒவ்வொரு முறையும் வெவ்வேறாகிக் குறி சிதறும். முன்கையை விரித்து அதன்மேல் துப்பாக்கியைத் தளர்வாக, எப்பொழுதும் ஒரே இடத்தில், தாங்குக. மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையைத் திடீரென இழுக்காமல் மெல்ல அழுத்துக. சுட்ட பின்னும் ஒரு நொடி அசையாதிருக்க.

ஜாக்கிரதைகள்

1. எலிக்குப் பின்னால் மண்மேடு இருக்க வேண்டும். கல், இரும்பு, சிமெண்டுத் தரை இவற்றிற் பட்ட குண்டு திரும்பித் தெறித்துக் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகளை அருகில் விடலாகாது.

2. ஈயம் நஞ்சு. நெற்குவியலை நோக்கிச் சுடலாகாது.

3. இறந்த எலியை வெறுங்கையால் தொடாமல் ஆழப் புதைக்க வேண்டும். எலிக்காய்ச்சல் அதன் மூத்திரத்தால் பரவுவது. ஈயக்குண்டுள்ள உடலைத் தின்னும் நாய்க்கும் கூகைக்கும் கேடு.

4. இங்கிலாந்தில் பயிரைத் தின்னும் முயலையும் காற்றுத் துப்பாக்கியாற் சுடுவர். இங்கு அவ்வாறு செய்தல் குற்றம். மயில், முயல், கீரி முதலியவற்றிற்கு 1972ஆம் வருஷத்திய வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் காவலாயுள்ளது. கூகையும் சாரையும் கூலியின்றி எலி பிடிக்கும் நண்பர்கள். அவற்றிற்கும் அச்சட்டமே காவல்.

5. துப்பாக்கி வாங்குமுன் ஆயுத விதிகளைக் காவல் நிலையத்தில் விசாரித்தறிதல் அவசியம். கிராம அதிகாரிகள் இதனைத் தம் ஊராருக்கு எடுத்துரைப்பார்களாக.

எல்லைக்கு அப்பால் நிற்கும் எலியைச் சுடாது விடுக. அது மறுநாளும் அவ்வழியே வரும். அங்குப் பொறி வைக்கலாம்.