இரைச்சலுக்கு நடுவே ஒரு தியானக் கூடம்

நகரத்தில் தியானக் கூடம் கட்டுபவருக்கு முதல் சிக்கல் ஒலி, இரண்டாவது காற்று. ஒன்றைச் சரிசெய்தால் மற்றொன்று கெடும். சத்தம் நுழையாதபடி கதவு, சன்னல்களை இறுக அடைத்தால் உள்ளே அமர்ந்திருப்பவர்களுக்குப் புழுங்கும். காற்றுக்காகத் திறந்தாலோ பேருந்தின் ஹாரனும் கூடவே வரும்.

இந்தியாவின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி, பகலில் வணிகப் பகுதிக்கு 65 டெசிபலும் அமைதி மண்டலத்துக்கு 50 டெசிபலும் வரம்பு. பார்வைக்குச் சிறிய வித்தியாசம்தான். ஆனால் 10 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகும். ஆகவே இந்த 15 டெசிபல் என்பது ஏறத்தாழ முப்பது மடங்கு. கடைத்தெருவில் எழும்பும் கூடம் அத்தனையையும் சுவரிலேயே தடுத்தாக வேண்டும்.

ஒலியைத் தடுப்பது எடை. இருபுறமும் பூசிய ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் சுமார் 50 டெசிபலைக் குறைத்துவிடும். அந்தச் சுவரின் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால், மீதிச் சுவர் எவ்வளவு கனமாக இருந்தாலும் மொத்தத் தடுப்பு 20 டெசிபலைத் தாண்டாது. கதவின் அடியில் உள்ள சந்தும், மூடாத சன்னல் இடுக்கும் சுவருக்குச் செய்த செலவை வீணாக்கிவிடும். விலையுயர்ந்த ஒலித்தடுப்புப் பலகைகளை வாங்கும் முன் கதவு விளிம்புகளுக்கு ரப்பர் பட்டை ஒட்டுவதே அறிவுடைமை.

லாரி, பேருந்து எஞ்சின்களின் தாழ்ந்த உறுமல் இன்னும் பிடிவாதமானது. அதற்கு ஒற்றைச் சுவரைவிட, இடைவெளி விட்ட இரட்டைச் சுவர் நல்லது. அரியலூர் மாவட்டத்தின் கங்கைகொண்ட சோழபுரத்தில் முதலாம் ராஜேந்திரன் எழுப்பிய கோயிலின் கருவறையைச் சுற்றி உள்சுவர், வெளிச்சுவர் என இரண்டும், நடுவே ஒரு சுற்றுப்பாதையும் உண்டு. ஒலியைத் தடுப்பதற்காகக் கட்டிய அமைப்பல்ல அது. ஆனாலும் இன்றைய ஒலியியல் பொறியாளர் வரைந்து தருவது இதே வடிவத்தைத்தான். நகரக் கட்டடத்தில் அந்தச் சுற்றுப்பாதையின் இடத்தில் நூலகம், அலுவலகம், காலணி வைக்கும் அறை ஆகியவற்றை அமைக்கலாம். நுழைவில் இரண்டு கதவுகளும் நடுவே ஒரு சிற்றறையும் இருந்தால், ஒருவர் தாமதமாக வந்தாலும் தெரு உள்ளே வராது.

வெளிச்சத்தம் அடங்கியதும் உள்சத்தம் பெரிதாகக் கேட்கும். பளிங்கும் கண்ணாடியும் ஒலியை உறிஞ்சுவதில்லை. ஓர் இருமல் கூடமெங்கும் சுழன்று வரும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் வாலஸ் சபைன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்த முழக்கத்துக்குக் கணக்குக் கண்டார். கூடத்தின் கனஅளவு கூடினால் முழக்கம் நீளும். உறிஞ்சும் பரப்பு கூடினால் சுருங்கும். வட்டமான அறைகளில் சுவர் ஒலியை ஓரிடத்தில் குவிக்கிறது என்பது கூடுதல் தொல்லை. அமெரிக்காவின் எம்.ஐ.டி. வளாகத்தில் கட்டடக் கலைஞர் ஈரோ சாரினென் 1955-இல் முடித்த வட்ட வடிவ வழிபாட்டறையின் உட்சுவர் அலை அலையாக வளைந்திருப்பது, ஒலியைக் குவிய விடாமல் சிதறடிக்கிறது. சிறிய கூடத்துக்குக் கனத்த விரிப்பும் துணித் திரைகளும் பெருமளவு போதும்.

இனி காற்று. பத்து மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட அறையில் ஐம்பது பேர் அசையாமல் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். ஒருவர் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கரியமில வாயுவை வெளிவிடுகிறார். அறை முற்றிலும் மூடியிருந்தால், வெளிக்காற்றில் பத்து லட்சத்தில் 420 பங்களவில் இருக்கும் அவ்வாயு, ஒரு மணி நேரத்தில் உள்ளே 3,400 பங்கை எட்டும். அதோடு ஆளுக்குச் சுமார் 100 வாட் வீதம் ஐந்து கிலோவாட் வெப்பமும் சேரும். தியானத்தில் வரும் கொட்டாவிக்கு மனத்தை நொந்துகொள்பவர் பலர். குற்றம் அறையுடையதாகவும் இருக்கலாம். சாதாரண ஸ்பிளிட் ஏசி உள்ளிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கிறதே தவிர, புதுக்காற்றைக் கொண்டுவருவதில்லை. அதற்குத் தனிக் குழாய் வேண்டும். குழாய் அகலமாக இருந்து காற்று மெதுவாக ஓடினால் இரையாது. உள்ளே பஞ்சு உறையும் வழியில் ஓரிரு திருப்பங்களும் இருந்தால் தெருச்சத்தம் பாதியிலேயே மடியும்.

டெல்லி கல்காஜியில் 1986-இல் திறக்கப்பட்ட பஹாய் சமயத்தின் தாமரைக் கோயில் இந்த இழுபறிக்கு வேறு விடை தருகிறது. ஃபரிபோர்ஸ் சாஹ்பா வடிவமைத்த அக்கூடத்தைச் சுற்றி ஒன்பது குளங்கள். நீர்ப்பரப்பின் மேல் குளிர்ந்த காற்று அடித்தளத்து வழிகளால் உள்ளே வர, சூடான காற்று கூரையின் உச்சி வழியே வெளியேறுகிறது. சுற்றிலும் பரந்த தோட்டம் இருப்பதால் சாலை எட்டியே நிற்கிறது. அத்தனை நிலம் எல்லோருக்கும் வாய்க்காது. நெடுஞ்சாலையோரம் கட்டுவோர் மரவரிசையை மட்டும் நம்பக் கூடாது. ஒற்றை வரிசை மரம் சத்தத்தை அநேகமாகக் குறைப்பதில்லை. வாகனம் கண்ணில் படாத உயரத்துக்குக் கெட்டியான மதில் எழுப்பி, காற்றுவழிகளைப் பின்பக்கம் வைப்பதே பலன் தரும்.