உங்களுக்குத் தெரியுமா? வாலால் வாசலை அடைக்கும் உடும்பு

வடக்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட பாறை நிலங்களில் முள்வால் உடும்பு என்று ஒன்று இருக்கிறது. வால் நுனி வரை அளந்தாலும் பெரும்பாலும் 70 செ.மீ.க்குள் அடங்கிவிடும். 3 மீட்டர் வரை வளரும் கொமோடோ உடும்பும் இதே பேரினம்தான் என்றால் நம்பச் சற்றுக் கஷ்டம்!

ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்காது. பாறை இடுக்குக்குள் தலையை நுழைத்து விறுவிறுவென உள்ளே போய்விடும். போனதும் மூச்சை இழுத்து உடம்பை உப்ப வைக்கும். மேலே கல், கீழே கல், நடுவில் இறுகிப்போன உடும்பு. வெளியிலிருந்து எட்டுவது வால் மட்டுமே. அந்த வாலிலோ வளையம் வளையமாக முள்செதில்கள். பிடித்து இழுத்தால் இழுப்பவர் கைதான் கிழியும்.

பல்லி வாலை உதறிவிட்டுத் தப்பும். உடும்புக்கு அந்த வித்தை தெரியாது. அறுந்தால் அறுந்ததுதான், மறுபடி முளைக்காது. அப்படிப்பட்ட வாலைத்தான் துணிந்து வாசலில் வைக்கிறது.

வெட்டுக்கிளி, கரப்பான், சிறு பல்லிகள் இதன் சாப்பாடு. இருட்டான இடுக்குக்குள் இரை இருக்கிறதா என்று துப்புக் கொடுப்பது பாம்புக்கு இருப்பதுபோல் இரண்டாகப் பிளந்த நாக்கு.

அதே வட்டாரத்தின் மணற்கல் குன்றுகளில் இன்னொரு பாறை உடும்பு உண்டு. 1955-ல்தான் அறிவியல் பெயர் கிடைத்தது. உள்ளங்கையும் உள்ளங்காலும் பளபளவென்று கறுத்திருக்கும். உடும்புகள் பொதுவாக வெயில் விரும்பிகள். இதுவோ அந்தி மயங்கிய பிறகும் வேட்டையாடும். பகலெல்லாம் காய்ந்த பாறை பொழுது சாய்ந்தும் சூடாக இருப்பது இதற்கு வசதி. பாறைமேல் அசையாமல் காத்திருந்து, பூச்சியோ பல்லியோ தவளையோ வந்தால் சட்டென்று பாயும்.

தவளை தின்னும் பழக்கம்தான் இப்போது வினை. கரும்பு வண்டுகளை ஒழிப்பதற்காக 1935-ல் குயின்ஸ்லாந்துக்குக் கொண்டுவரப்பட்ட கரும்புத் தேரையின் உடம்பில் கடும் விஷம் உண்டு. கடித்த உடும்புகள் செத்து விழுந்தன. வண்டுகளோ ஒழியவில்லை. பாறை உடும்புகள் நிறைந்த கிம்பர்லி இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியாவின் எல்லையையும் 2009-லேயே அந்தத் தேரை தாண்டிவிட்டது.